அண்ணன் போட்ட கரி

“கரி மாற்றியது: பங்குனி மூன்றாம் ஞாயிறு. அடுத்தது: சித்திரை இரண்டாம் ஞாயிறு.” தொட்டியின் பக்கவாட்டில் ஒட்டியிருந்த வெள்ளை டேப்பில் என் கையெழுத்தில் உள்ள கடைசிக் குறிப்பு இது. அதன் கீழே யாரும் எதுவும் எழுதவில்லை. எழுத வேண்டிய நான், கணுக்கால் முறிந்து திண்டிவனத்தில் மாவுக்கட்டோடு கிடந்தேன்.

விழுப்புரத்தில் அண்ணன் வீட்டுக் கூடத்தில் இருந்த அந்தக் கடல்நீர்த் தொட்டி என்னுடையது. வேலை மாற்றலாகித் திண்டிவனம் வந்தபோது எனக்குக் கிடைத்தது மாடி வீடு. அவ்வளவு தண்ணீர்ப் பாரத்தைத் தளம் தாங்காது என்று வீட்டுக்காரர் மறுத்துவிட்டார். கீழ்த்தளத்தில் ஒரு வீடு அமையும்வரை தொட்டி அண்ணனிடம் இருக்கட்டும் என்பது ஏற்பாடு. ஒரு ஞாயிறு விட்டு ஒரு ஞாயிறு பஸ் பிடித்துப் போய்ப் பார்த்துவிட்டு வருவேன்.

உள்ளே இரண்டு கோமாளி மீன்கள். ஒரு கல் நிறையப் பொத்தான் பொத்தானாக விரியும் பவளம். நடுவில் ஒரு தோல் பவளம். கட்டைவிரல் அளவுத் துண்டாக வந்து, என் பராமரிப்பில் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு வளர்ந்தது அது. வேறொன்று வாங்கலாம், அந்த வருடங்களை வாங்க முடியாது.

தோல் பவளம் தன் இடத்தைக் காத்துக்கொள்ள நீரில் நஞ்சைக் கசியவிடும். பக்கத்தில் இருக்கும் பவளங்கள் அதில் சுருங்கும். அந்த நஞ்சையும், மீன் கழிவால் நீரில் ஊறும் மஞ்சளையும் இழுத்துக்கொள்வது ஆக்டிவேட்டட் கார்பன். தேங்காய் ஓட்டிலிருந்து செய்யும் குருணைக் கரி. கறுப்புத் தூள் போகும்வரை கழுவி, நைலான் பையில் கட்டி, வடிகட்டியில் வைக்க வேண்டும். சில வாரங்களில் அதன் நுண்துளைகள் நிரம்பிவிடும். பிறகு அது வெறும் கருங்குருணை.

நான் குழாயடியில் உட்கார்ந்து கழுவும்போதெல்லாம் அண்ணி சிரிப்பார். “ஊரே பாத்திரத்துல இருக்கற கரிய கழுவித் தள்ளுது. நீங்க கரியையே கழுவிக்கினு உக்காந்திருக்கீங்களே, தம்பி.”

கால் முறிந்ததும் அண்ணனுக்குப் போன் செய்தேன்.

“கரி தானே மாத்தணும், கப்பலா ஓட்டணும்? நீ கால நீட்டிக்கினு படுடா, நான் பாத்துக்கறேன்” என்றார்.

மாதம் தவறாமல் கேட்டேன். மாதம் தவறாமல் “மாத்திட்டேன்” என்றார். எலும்பு சரியாகச் சேராமல் இரண்டாம் முறை கட்டுப் போட்டார்கள். ஆவணி வந்துவிட்டது. அண்ணன் மகளைப் பெண் பார்க்க வருவதற்கு முந்தின நாள் காலை அவரே கூப்பிட்டார்.

“தண்ணி டீத்தண்ணி மாதிரி இருக்குதுடா. நாளைக்கு மாப்ள வீட்டுக்காரங்க வர்றாங்க. ஜல்தியா தெளியறதுக்கு ஒரு வழி சொல்லு.”

அவர் ஒருமுறைகூட மாற்றவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. சண்டைக்கு நேரமில்லை. மாதக்கணக்கில் மஞ்சள் நீரில், மங்கிய வெளிச்சத்தில் இருந்து பழகிய பவளம் அது. நீர் ஒரே நாளில் தெளிந்தால் விளக்கின் முழு வெளிச்சமும் அதன்மேல் விழுந்து வெளுக்கச் செய்துவிடும். “அரைப் பொட்டலம் கரி மட்டும் போடுங்க. மீதிய அடுத்த வாரம் போடலாம். லைட்டப் பாதியா குறைச்சிடுங்கண்ணே” என்றேன்.

“அடுத்த வாரம் தெளிஞ்சா அதுல நான் மூஞ்சி பாத்து தலை சீவவா? நாளைக்கு வர்றாங்கடா!”

“மஞ்சளாவே இருந்துட்டுப் போகட்டும்ணே. மீனு நல்லா தானே இருக்குது.”

“வெள்ளையடிச்சி, பித்தளை எல்லாம் தேச்சி வச்சிருக்கோம். கூடத்துல நடுவுல அழுக்குத் தண்ணியா? வீட்டப் பத்தி என்ன நினைப்பாங்க? பேஜாரு பண்ணாத.” போனை வைத்துவிட்டார்.

நான் கொடுத்து வைத்திருந்த மூன்று பொட்டலத்தையும் கழுவாமலே பையில் கொட்டி, இரண்டு விளக்கையும் முழுதாக ஏற்றிவைத்தார் என்று அண்ணி பிற்பாடு சொன்னார். மறுநாள் மாலை அண்ணனின் குரலில் பூரிப்பு.

“முடிஞ்சிடுச்சிடா! உங்க ஊரு தான், திண்டிவனம். சம்பந்தி பொண்ணப் பாத்தத விட தொட்டிய தான் அதிக நேரம் பாத்தாரு. உள்ள தண்ணி இருக்குதான்னே தெரியலன்றாரு. கேட்டாரு. சரின்னுட்டேன்.”

“என்ன கேட்டாரு?”

“தொட்டிய தான். சீரோட அனுப்பிடறேன்னு சொல்லிட்டேன். சித்தப்பன் பங்கா இருக்கட்டுமே.”

அடுத்த ஞாயிறு கைத்தடியோடு பஸ் ஏறினேன். தோல் பவளம் வெளுத்துச் சுருங்கி, மேலெல்லாம் சளி படர்ந்திருந்தது. பொத்தான்கள் மூடிக்கிடந்தன. கரிப்பையை எடுத்தேன், விளக்கைக் குறைத்தேன், கொஞ்சம் நீரை மாற்றினேன். பயனில்லை. புரட்டாசி பிறந்ததும் அழுகத் தொடங்கியது. “கல்யாண வீடுடா, நாத்தம் அடிக்குது” என்றார் அண்ணன். நான் மறுபடி போவதற்குள் அண்ணி அதைக் குப்பை வண்டியில் போட்டிருந்தார். மீன்களைக் கடைக்காரர் எடுத்துக்கொண்டார்.

ஐப்பசியில் கல்யாணம். தொட்டி திண்டிவனம் வந்து சேர்ந்தது, என் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி, சம்பந்தி வீட்டுக் கீழ்த்தளத்தில். இப்போது குழாய்த் தண்ணீர், தங்க மீன்கள், பிளாஸ்டிக் செடி. விருந்துக்குப் போனபோது என்னை அதற்கு எதிரில்தான் உட்கார வைத்தார்கள். அண்ணன் மகள் பரிமாறினாள். அவள்மேல் எனக்குக் கோபமில்லை.

“உங்க அண்ணனுக்கு பெரிய மனசுங்க” என்றார் சம்பந்தி.

“நீங்க ஆசைப்பட்டுக் கேட்டீங்கன்னு சொன்னாரு.”

“நானா? அழகா இருக்குதுன்னு தான் சொன்னேன். அவரே தான் எடுத்துக்கங்கன்னாரு. பொண்ணு வீட்டுல வாய்விட்டு கேக்கறதுக்கு நமக்கு என்னங்க குறைச்சல்?”

அண்ணனிடம் திரும்பவும் கேட்டேன். “கேட்டாருடா, என் காதால கேட்டேன்” என்றார். அங்கே இருந்திருக்க வேண்டிய அண்ணியோ, “காபி எடுக்க உள்ள போயிருந்தேன், தம்பி” என்கிறார். சம்பந்தி கேட்டு அண்ணன் கொடுத்தாரா, யாரும் கேட்காமலே கொடுத்தாரா என்பது இதை எழுதும் இந்த மாசி மாதம் வரை எனக்கு உறுதியாகவில்லை.