விற்க மறுத்த மஞ்சள்

சிம்மக்கல் மொத்தக் கடைக்கார ராவுத்தர் ஒவ்வொரு மஞ்சள் மூட்டையிலும் ஒரு கிழங்கைக் காதருகே வைத்து ஒடித்து, அது காய்ந்த பதத்தை ஓசையிலேயே கேட்டறிவார். இமை மயிரில்கூட மஞ்சள் தூள் படிந்த மனிதர்; அவர்மேல் விழுந்தால் வெயிலே மங்கிப்போகும்.

"பளிச்சுன்னு இருக்கறதா ஒரு வீசை குடுங்க பாய்" என்றேன்.

"என்ன விசேஷம்ண்ணே?"

"வயித்து வலிக்கு. மோர்ல கலக்கிக் குடிக்கணும்."

என் ஒட்டிய கன்னத்தைப் பார்த்தார். "ரத்தமும் போகுதா?"

மூன்று வாரமாகப் போகிறது. மனைவியிடம்கூட மறைத்ததை அவரிடம் சொன்னேன்.

"அப்பத் தரமாட்டேன். பளிச்சுன்னு இருக்கறது மெருகு ஏத்தச் சாக்குல சாயத்தோட போட்டு உருட்டுனது. உருட்டாத கிழங்கும் இம்புட்டு ரத்தத்த நிறுத்தாது. ஆஸ்பத்திரிக்குப் போங்க."

"மஞ்சள் விக்கிறவரே இப்படிச் சொன்னா?"

"விக்கிறதாலதாண்ணே சொல்றேன்."

ஜட்கா வண்டியை அவரே கூப்பிட்டு என்னை ஏற்றிவிட்டார். ஆஸ்பத்திரியில் இருபது நாள் கிடந்து பிழைத்தேன். வயிற்றுவலி என்றதும் ஊரில் ஆளுக்கொரு மருந்து சொன்னார்கள். மூட்டை மூட்டையாக அடுக்கி வைத்துக்கொண்டு, தன்னிடம் மருந்து இல்லை என்று சொன்னவர் அவர் ஒருவர்தான்.