மருதமர வளைவில் கண்ணாடியைத் தட்டியவர்

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஒரு மாரிகாலத்துப் பின்னேரம் இது நடந்தது. கொக்கட்டிச்சோலைப் பக்கத்தில் என் கணவரின் அக்கா வீட்டில் ஒரு சாமத்திய வீடு, மகள் பெரியபிள்ளையான சடங்கு. அது முடிந்து, வாவியைக் கடந்து பெரியகல்லாற்றில் உள்ள எங்கள் வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். காரில் நான், கணவர், அவருடைய தாயாரான என் மாமி, அப்போது ஆறு வயதான என் மகள். இன்றைக்கும் மழை அடித்துப் பெய்தால், எங்கே இருந்தாலும் நான் எழுந்துபோய் ஒரு யன்னலைத் திறந்துவிடுவேன். வீடு நனைகிறது என்று கணவர் முணுமுணுப்பார். நனையட்டும்.

முதலில் காரைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். வினை எல்லாம் அங்கேதான் தொடங்கியது. நம்பர் தகட்டில் ஸ்ரீ எழுத்துப் போட்ட அந்தக் காலத்து ஜப்பான் கார். என்னைவிட அதற்கு வயது கூட. பாலத்தில் ஏறும்போது அதற்கு மூச்சு வாங்கும். ஒரு நாள் தேங்காய் மூட்டைகளை ஏற்றிக்கொண்டு வந்த ஆட்டோ ஒன்று எங்களை முந்திக்கொண்டு போனது. அதை என் கணவரால் தாங்கிக்கொள்ள முடியவில்லை. அன்றிரவு சோறுகூடச் சரியாக இறங்கவில்லை அவருக்கு.

அவர் போட்டோகொப்பிக் கடை வைத்திருக்கிறார். ஆள் வராத நேரமெல்லாம் போனும் கையுமாக இருப்பார். அதிகம் செலவில்லாமல் பழைய எஞ்சினின் வலுவைக் கூட்டுவது எப்படி என்று எந்த நாட்டிலோ இருந்து யாரோ வீடியோவில் சொல்லிக்கொடுக்க, இவர் அதையெல்லாம் எங்கள் வீட்டு மாமரத்தின் கீழ் செய்து பார்த்தார். காற்று வடிகட்டி இருந்த பெட்டியைக் கழற்றி எறிந்தார். காபரேட்டருக்குள் பெற்றோல் வருகிற சின்னத் துளையைத் துளைத்துப் பெருப்பித்தார். எஞ்சின் கூடுதலாகக் குடித்தால் கூடுதலாக ஓடுமாம். கடைசியில் சைலன்சரில் கை வைத்தார். புகை தடையில்லாமல் வெளியே போனால் எஞ்சின் இலகுவாக ஓடும் என்று, வெல்டிங் கடையில் கொடுத்து அதை வெட்டியெடுத்துவிட்டு, பின்சீற்றின் கீழேயே முடிகிற மாதிரி ஒரு கட்டைக் குழாயை ஒட்டுவித்தார்.

அதற்குப் பிறகு கார் போட்ட சத்தத்தில், கைக்குழந்தை வைத்திருந்த அயலவர்கள் எங்களைச் சபிக்காத நாள் இருந்திருக்காது. சத்தம் கூடினதை அவர் சக்தி கூடினதாக எடுத்துக்கொண்டார். சும்மா சொல்லக்கூடாது, முன்பைவிடக் கொஞ்சம் விசையாகத்தான் ஓடியது. ஆனால் சூடேறிய பிறகு எஞ்சினை நிறுத்தினால் திரும்ப ஸ்டார்ட் ஆகாது. "அது சின்னப் பிரச்சினை, மறுகா பார்ப்பம்" என்றார். பின்சீற்றில் கால் வைக்கிற இடத்தில், விரிப்பின் கீழே தகரம் கறள் பிடித்து ஓட்டை விழுந்திருந்தது. அதையும் பிறகு பார்ப்போம் என்றுதான் விட்டிருந்தார்.

போகும்போது நல்ல வெயில். யன்னல் எல்லாம் திறந்திருந்தது, ஒன்றும் தெரியவில்லை. திரும்பும்போது வானம் கறுத்துக்கொண்டு வந்து கொட்டத் தொடங்கியது. மாமியின் மடியில் பெரிய பை ஒன்று. கொக்கிஸ், முறுக்கு, பனங்காய்ப் பணியாரம் என்று சாமத்திய வீட்டு மச்சாள் கட்டிக்கொடுத்தது. எண்ணெயில் பொரித்த பலகாரத்தைப் பொழுதுபடும் நேரத்தில் வாவிக்கரையால் கொண்டுபோனால் அந்த மணத்துக்குக் காத்துக்கறுப்பு பின்னால் வரும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. பையின் மேலே ஒரு கரித்துண்டும் இரும்பாணியும் வைத்துவிட்டால் கிட்ட வராது. சாமத்திய வீட்டு அமளியில் மாமி அதை மறந்துவிட்டார்.

"ஐயோ மனே, கரி வைக்கல்லியே! திரும்பிப் போவமா?" என்றார் பாதி வழியில். கணவர் சிரித்தார். நானும்தான் சிரித்தேன்.

பாலத்துக்கு வருமுன் ஒரு வளைவு இருக்கிறது. ஒரு பக்கம் கண்ணுக்கெட்டிய தூரம் நெல் விளையும் வட்டை, மறுபக்கம் வாவி. வளைவில் ஒரு பெரிய மருதமரம். அந்த இடத்தைப் பற்றி ஆளுக்கொரு கதை சொல்வார்கள். கதை இல்லாத வளைவு எங்கள் பக்கத்தில் எங்கே இருக்கிறது? நாங்கள் போய்ச் சேர்ந்தபோது வட்டையில் நிரம்பிய வெள்ளம் றோட்டைக் குறுக்கறுத்து வாவிக்குள் பாய்ந்துகொண்டிருந்தது. வேறொரு வாகனமும் இல்லை. தண்ணீர் கொஞ்சம் வடியட்டும் என்று கணவர் காரை மருதமரத்தின் கீழ் நிறுத்தினார். எஞ்சினை மட்டும் நிறுத்தவில்லை. நிறுத்தினால் அன்றிரவு அங்கேதான்.

இப்போது மாமி சிரிப்புக்கு இடம் கொடுக்கவில்லை. "எல்லா யன்னலையும் பூட்டு புள்ள. ஒரு நூலளவுக்கும் விடாத. ஆர் கூப்பிட்டாலும் திரும்பிப் பார்க்கப்படாது, வாய் திறக்கப்படாது" என்றார். மழையும் உள்ளே அடித்தது, நானும் பூட்டினேன். பின்பக்கத்து யன்னல் ஒன்று முழுதாக ஏறாது. அந்த இடுக்குக்குள் மாமி ஒரு துவாயைத் திணித்தார். பெற்றோல் மணம் அடித்தது. ஆனால் அந்தக் கார் என்றைக்குத்தான் மணக்காமல் இருந்தது?

எவ்வளவு நேரம் இருந்தோம் என்று தெரியாது. முதலில் எனக்குத் தலை இடித்தது. சாமத்திய வீட்டு அலைச்சல் என்று நினைத்துக்கொண்டேன். பிறகு கைகால் எல்லாம் என்னுடையது இல்லாத மாதிரி இருந்தது. மகள் பின்னாலிருந்து, "அம்மா, தண்ணிக்குள்ள ஆரோ நிக்கிறாங்க" என்றாள். பார்த்தேன். வாவிக்குள், இடுப்பளவு தண்ணீரில், வரிசையாக ஆட்கள் நின்றார்கள். யாரும் அசையவில்லை. வலை கட்டுவதற்கு நட்ட கம்புகளைத்தான் நான் கண்டிருக்கிறேன் என்று கணவர் இன்றைக்கும் சொல்வார். நானும் சரி என்பேன். ஆனால் அதில் ஒன்று மெதுவாகத் தலையைத் திருப்பி எங்களைப் பார்த்ததை நான் கண்டேன்.

கணவர் நிமிர்ந்து, "ஆரோ என்ட பேரச் சொல்லிக் கூப்பிடுறாங்க" என்றார்.

"வாய் திறக்காத மனே, வாய் திறக்காத" என்றார் மாமி. அவருடைய குரல் எங்கேயோ கிணற்றுக்குள் இருந்து வந்தது. கொஞ்ச நேரம் தேவாரம் முணுமுணுத்தார். பிறகு அதுவும் நின்றுவிட்டது. மகள் சீற்றில் சரிந்து படுத்துவிட்டாள். களைப்பில் தூங்குகிறாள், தூங்கட்டும் என்று நினைத்தேன். 

அதற்குப் பிறகு வாவியிலிருந்து ஒரு சத்தம் வந்தது. ஏறாமல் இறங்காமல், நிற்காமல், ஒரே நீளமாக. எங்கள் வாவியில் மீன் பாடும் என்று ஊரெல்லாம் சொல்வார்கள். பிறந்து வளர்ந்தும் நான் ஒருநாளும் கேட்டதில்லை. இதுதான் அது போலும் என்று நினைத்துக்கொண்டு கேட்டபடியே இருந்தேன். பயமே இல்லை. அந்தப் பயமின்மையைத்தான் இப்போது நினைத்தால் பயமாக இருக்கிறது. அது எங்கள் காரின் ஹோர்ன் சத்தம். கணவர் மயங்கி, நெற்றியை ஸ்டியரிங்கில் வைத்து விழுந்து கிடந்தார். பக்கத்தில் இருந்த எனக்கு அது தெரியவில்லை. கும்பிடுகிறார் என்று நினைத்தேன்.

அப்போதுதான் கண்ணாடிக்கு வெளியே ஓர் உருவம் வந்தது. உயரமாக, வெள்ளையாக, முகமே இல்லாமல். கண்ணாடியில் தட்டியது. நான் அசையவில்லை. மறுபடி தட்டியது. குனிந்து உள்ளே பார்த்தது. நானும் கண்ணை இமைக்காமல் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு அது பின்னால் பின்னால் போய் மழைக்குள் மறைந்துவிட்டது. அப்பாடா, தப்பினோம் என்று நினைத்தேன்.

கொஞ்சத்தில் பின்கதவுக் கண்ணாடி சடாரென்று நொறுங்கியது. மழையும் காற்றும் உள்ளே வந்து முகத்தில் அடித்தன. உருவம் கையை விட்டுக் கதவைத் திறந்து என் மகளைப் பிடித்து இழுத்தது. அரை உயிராய்க் கிடந்த மாமி, அந்த நிலையிலும் மடியிலிருந்த பலகாரப் பையைத் தூக்கி அதனிடம் நீட்டினார். "இந்தா, எல்லாத்தையும் எடுத்துக்கொண்டு போயிடு. புள்ளய மட்டும் விட்டுடு" என்று அழுதார். நான் எப்படியோ வெளியே விழுந்து, எழும்பி, அந்தக் கையைக் கடித்தேன்.

"கடிக்காதீங்க அக்கா! புள்ளக்கு மூச்சு வருதில்ல, விடுங்க!" என்றது அது.

பசளை வந்த வெள்ளை உரப் பையை மடித்துத் தலையில் மாட்டிக்கொண்டு வந்த ஒரு மனிதர். வட்டையில் வேலை முடித்து, உழவு இயந்திரத்தில் வீட்டுக்குப் போகிறவர். நிற்காத ஹோர்ன் சத்தத்தைக் கேட்டுவிட்டு, யாரடா இது என்று ஏசுவதற்குத்தான் இறங்கி வந்திருக்கிறார். மண்வெட்டிப் பிடியால் கண்ணாடியை உடைத்தவர் அவர். மகளை மழைக் காற்றில் குப்புறப் பிடித்து முதுகில் தட்டினார். கணவரையும் மாமியையும் இழுத்து வெளியே போட்டார். எங்கள் எல்லோரையும் இயந்திரத்தின் பின்னால் பூட்டிய பெட்டியில் ஏற்றிக்கொண்டு, நாங்கள் வந்த வழியே ஆஸ்பத்திரிக்கு விட்டார். குலுங்கிக் குலுங்கிப் போகும் பெட்டியில், என் மடியில் துணியாகக் கிடந்த பிள்ளை திடீரென்று என் சேலை முழுக்கச் சத்தி எடுத்துவிட்டு வீரிட்டு அழுதாள். அதைப்போல ஒரு சந்தோஷத்தை நான் அனுபவித்ததில்லை.

ஆஸ்பத்திரியில் எல்லோருக்கும் ஒட்சிசன் மாட்டினார்கள். காருக்கு என்ன செய்தீர்கள் என்று டொக்டர் கேட்டார். கணவர் தலையைக் குனிந்துகொண்டு சொன்னார். வெட்டிய குழாயால் வந்த புகை தகர ஓட்டையால் உள்ளே ஏறியிருக்கிறது, அதில் இருக்கும் நச்சு வாயுவுக்கு நிறமும் இல்லை மணமும் இல்லை, முதலில் மூளையைத்தான் குழப்பும், இல்லாததைக் காட்டும், பிறகு தூங்கவைக்கும் என்றார் டொக்டர். இன்னும் கொஞ்ச நேரம் பூட்டியபடி இருந்திருந்தால் பிள்ளை எழும்பியிருக்க மாட்டாள் என்றும் சொன்னார். கணவர் அப்போதுதான் அழுதார். என் வாயில் வந்த ஏச்செல்லாம் அதோடு நின்றுவிட்டது.

எல்லோரும் தேறிய பிறகு அந்த மனிதரைத் தேடிப் போனோம். பஸ்ஸில்தான் போனோம். அவருடைய கையில் நான் கடித்த காயம் இன்னும் ஆறாமல் இருந்தது. தேத்தண்ணி தந்து, வெட்கப்பட்டுச் சிரித்தபடி தன் பக்கத்துக் கதையைச் சொன்னார்.

"உண்மையச் சொன்னா, முதல் தரம் நான் ஓடிட்டன் அக்கா. அந்த இடமும் பொழுதும் அப்பிடி. தட்டுறன், நீங்க முழிச்சுக்கொண்டு இருக்கிறீங்க, கண்ண இமைக்கிறீங்க இல்ல. இது மனிசர் இல்ல எண்டு இயந்திரத்தில ஏறிட்டன். மறுகாதான் யோசிச்சன். புள்ளட கால் ஒண்டு கண்ணாடியில முட்டிக்கொண்டு கிடந்திச்சி, கொலுசு போட்ட கால். பேய்க்குக் கால் இல்லயே எண்டு நினைச்சன். அப்பயும் கை நடுக்கம்தான். எண்டாலும் இறங்கி வந்தன்."

நான் தேத்தண்ணியைக் கீழே வைத்துவிட்டேன். மகள் அவர் வீட்டு முற்றத்தில் ஆட்டுக்குட்டி ஒன்றைத் துரத்திக்கொண்டிருந்தாள்.

நாங்கள் எதற்குப் பயந்து கண்ணாடியைப் பூட்டினோமோ, அதே பயம்தான் அவருக்கும். எங்களைக் கண்டு அவர் பயந்தார், அவரைக் கண்டு நாங்கள் பயந்தோம். பயம் போன பிறகுதான் ஒருவருக்கு உதவலாம் என்று அவர் காத்திருந்திருந்தால் என் மகள் இன்றைக்கு இல்லை. கை நடுங்க நடுங்கத் திரும்பி நடந்து வந்தாரே, அந்த நாலு எட்டுக்குத்தான் நான் இன்றும் கடன்பட்டிருக்கிறேன்.