கோம்பை நாயைக் கட்டிய நாள்

குரைப்புச் சத்தம் முதுகுக்குப் பின்னால் கேட்டுக்கொண்டே இருந்தது. ஓடைப்பட்டியிலிருந்து தார் ரோட்டுக்குப் போகும் மண்பாதையில், பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்தேன். திரும்பிப் பார்த்தால் கால் நின்றுவிடும். பார்க்கவில்லை. திராட்சைப் பந்தல்கள் முடிந்து தென்னந்தோப்பு வந்த பிறகும் கேட்டது. எதிரே ஒரு டிராக்டர் வந்து அந்தக் குரைப்பை மூழ்கடித்தது. டிராக்டர் போன பிறகு நின்று காது கொடுத்தேன். ஒன்றும் கேட்கவில்லை.

ஓடைப்பட்டியில் ஒரு திராட்சைத் தோட்டத்தில் காவலுக்கும் தண்ணீர் பாய்ச்சவும் இருந்தேன். எட்டாம் வகுப்போடு வீட்டைவிட்டுக் கிளம்பியவன் நான். ஏலக்காய்த் தோட்டம், கோழிப்பண்ணை, லாரி கிளீனர் என்று எதிலும் அதிக காலம் தங்கியதில்லை. இங்கே மட்டும் தங்கிவிட்டேன். நாய்தான் காரணம்.

முதலாளி அதைக் கோம்பை ஊரிலிருந்து குட்டியாக வாங்கி வந்திருந்தார். செவலை உடம்பு, கரிய மூஞ்சி. கோம்பை நாய் வைத்திருப்பது எங்கள் பக்கம் ஒரு கௌரவம். ரோசம் வர வேண்டும் என்று சின்னதிலிருந்தே மோட்டார் ரூமுக்குப் பின்னால் கட்டிப்போட்டு, சோற்றில் மிளகாய்ப்பொடி கலந்து வைத்திருக்கிறார். நான் போனபோது அது யாரைக் கண்டாலும் பாய்ந்தது. பாயும்போதும் வால் காலுக்கிடையில்தான் இருந்தது. அவர் ரோசம் என்று நினைத்தது வெறும் பயம்.

சங்கிலியை அவிழ்க்கவே பல நாள் ஆனது. கத்தவில்லை, கெஞ்சவுமில்லை. காலையில் ஒரே நேரத்துக்குச் சோறு, ஒரே இடத்தில். மிளகாய் கிடையாது. உட்கார வைக்க "இரு" என்று ஒரே சொல். வரப்பில் நான் முன்னால், அது பின்னால். பிடிவாதம் அதிகம். வாய்க்காலைத் தாண்ட மாட்டேன் என்று இக்கரையில் படுத்துவிடும். அக்கரையில் நின்று முகத்தை வேறு பக்கம் வைத்துக்கொண்டு காத்திருப்பேன். வெயில் ஏறும். கடைசியில் காலை நனைத்துக்கொண்டு வந்து சேரும். மருந்தடிக்கும் இன்ஜின் ஓடினால் புதருக்குள் புகுந்துவிடும். அதனால் அந்த இன்ஜின் பக்கத்திலேயே உட்கார்ந்து மத்தியானச் சோறு சாப்பிடுவேன். ஒருநாள் அதுவும் வந்து என் முழங்காலில் தாடையை வைத்துப் படுத்தது. இன்ஜின் ஓடிக்கொண்டேயிருந்தது.

பயந்த உயிருக்கு அடுத்து என்ன நடக்கும் என்று தெரிந்தால் போதும். எனக்கு அப்படி யாரும் சொன்னதில்லை என்பதால் தெரியும்.

பழம் பார்க்க வியாபாரி வந்த அன்றுதான் எல்லாம் கெட்டது. வேலிக்கு வெளியே வண்டி நின்றதும் நாய் குரைத்தது. "இரு" என்றேன். உட்கார்ந்தது. வியாபாரி உள்ளே வந்து அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"என்னண்ணே, கோம்பை நாயின்னு சொன்னீக? பூசாரி கணக்கா உக்காந்திருக்கு. வால வேற ஆட்டுது. காப்பி போட்டுக் கொண்டாருமா?"

முதலாளியும் சிரித்தார். வண்டி போனதும் சிரிப்பு போய்விட்டது.

"ஏலே, நாயக் கெடுத்து வச்சிருக்கலே."

"கொரைக்கத்தான் செய்யுது மொதலாளி. நிறுத்தவும் தெரிஞ்சிருக்கு."

"நிறுத்த எதுக்குலே நாய்? பக்கத்துத் தோட்டத்துல ராத்திரி களவாணிப் பயலுக பழத்த அறுத்துட்டுப் போயிட்டாய்ங்க. இது வந்தவனுக்கு வால ஆட்டும். பழையபடி கட்டிப்போட்டு மொளகாச் சோறு வச்சாத்தான் சரிவரும். நீ இங்கன இருக்குற வரைக்கும் அது தேறாது. கெளம்பிரு."

அவரைக் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். அந்தத் தோட்டத்தின் மேல் கடன் இருந்தது. அவருக்கும் தூக்கமில்லை.

"நான் போறேன் மொதலாளி. நாய மட்டும் எங்கூட அனுப்புங்க."

"ஒனக்கே படுக்க எடமில்ல. அத எங்கன கொண்டுபோய் வைப்ப?"

நாயின் தலையைத் தடவினேன்.

சங்கிலியை எடுத்துக்கொண்டு அவர் நாயின் பக்கம் போனார். நாய் பல்லைக் காட்டியது. மறுபடி போனார். கையைக் கவ்வப் பார்த்தது. வியர்வையைத் துடைத்துக்கொண்டு சங்கிலியை என் பக்கம் நீட்டினார்.

"நீயே கட்டிரு."

நான் மறுத்திருந்தால் கம்பு எடுத்து ஆள் கூப்பிட்டிருப்பார். வாங்கிக்கொண்டேன். மோட்டார் ரூமுக்குப் பின்னால் போனேன். அது என் பின்னாலேயே வந்தது. "இரு" என்றேன். உட்கார்ந்தது. கழுத்தை நீட்டிக் கொடுத்தது. கொக்கி மாட்டும்போது என் மணிக்கட்டை நக்கியது.

பையை எடுத்துக்கொண்டு நான் வேலியைத் தாண்டும்வரை சத்தமில்லை. அதற்குப் பிறகுதான் ஆரம்பித்தது. சங்கிலி இழுபடும் சத்தமும் கேட்டது. முதலாளி வாசலில் நின்று, என்னிடம் ஒரு மனஸ்தாபமும் இல்லாத குரலில் சொன்னார்:

"பாத்தியா, கொரல் வந்துருச்சு."

தேனி பஸ் ஸ்டாண்டில் படுத்தேன். காலையில் அல்லிநகரத்தில் ஒரு தேங்காய் மண்டியில் போய் நின்றேன். மேஸ்திரி மூட்டைகளை எண்ணிக்கொண்டே பேசினார்.

"மூட்ட தூக்குவியா?"

"தூக்குவேண்ணே."

"பின்னால ஷெட் இருக்கு, படுத்துக்கிரலாம். சரக்கையும் ஒரு கண்ணு பாத்துக்கிரணும்."

"நாய் இருக்காண்ணே?"

"ஏன், பயமா?" என்று அப்போதுதான் என்னை நிமிர்ந்து பார்த்தார். "நாயெல்லாம் யாரு வளக்குறது? கேமரா வச்சிருக்கோம்."

"அப்பச் சரிண்ணே."

சட்டையைக் கழற்றி ஷெட்டுக்குள் போட்டுவிட்டு வந்து, முதல் மூட்டைக்குக் குனிந்தேன்.