பள்ளத்தில் மைதானம், மேட்டில் பள்ளிக்கூடம்

முந்தாநாள் காலையில் அலுவலகத் தொலைபேசியை எடுத்தேன். மறுமுனையில் அவிநாசிப் பக்கத்துத் தோட்டக்காரர் முத்துசாமி அண்ணன். "ஏனுங்க, நம்ம சரோஜா அம்மணி தவறிட்டாங்களாமுங்க" என்றார்.

சரோஜா எங்கள் கோவை நகரமைப்பு அலுவலகத்தில் என் பக்கத்து மேசைக்காரர். அவரோடு வேலை பார்த்த அலுவலக நண்பர்களே, உங்களுக்குத் தெரியும். மனைப்பிரிவு வரைபடம் வந்தால் நாமெல்லாம் சாலையின் அகலத்தைப் பார்ப்போம். அவர் மட்டும், "மழை வந்தா இந்தத் தண்ணி எங்கீங்க போகும்?" என்பார். வெயில் மண்டையைப் பிளக்கும் சித்திரையிலும் இதே கேள்விதான். மழையைக் காணாத ஊரில் இந்தம்மாவுக்கு மட்டும் குடை என்று நாங்கள் கேலி செய்வோம். சிரித்துக்கொண்டே வரைபடத்தைத் திருப்பி அனுப்பிவிடுவார்.

அவருடைய அந்தப் பிடிவாதத்தை நான் முழுதாகப் பார்த்தது முத்துசாமி அண்ணன் தோட்டத்து விஷயத்தில்தான். தோட்டத்தை வீட்டுமனைகளாகப் பிரித்த அண்ணன், பள்ளிக்கூடத்துக்கு ஒதுக்கியது பள்ளத்தை. மழைக்காலத்தில் மட்டும் நீரோடும் ஓடையை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். அங்கே வகுப்பறை கூடாது, சாலையோர மேட்டு நிலம் வேண்டும் என்றார் சரோஜா. அண்ணனுக்குக் கோபம் வந்துவிட்டது.

"இந்தப் பள்ளத்துல தண்ணி வந்து எத்தனையோ வருசமாச்சுங்க அம்மணி. ரோட்டோரத்தை உட்டுப்போட்டு நான் எதை விக்கறதுங்க?"

சரோஜா வாதாடவில்லை. தோட்டத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "மாட்டுக்கொட்டாயை எதுக்குங்க அத்தனை மேட்டுல போட்டிருக்கீங்க?" என்றார்.

"மழை பேஞ்சா மாடு தண்ணிக்குள்ள நிக்குமுங்களா?" என்றார் அண்ணன் சட்டென்று.

"அப்ப மாட்டுக்கு மேடு, நம்ம புள்ளைங்களுக்குப் பள்ளமுங்களா?"

அண்ணன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு வீட்டுப் பக்கம் திரும்பி, "கண்ணு, மோர் கொண்டா" என்று மகளுக்குக் குரல் கொடுத்தார். அடுத்த வாரமே புது வரைபடம் வந்தது. மேட்டில் பள்ளிக்கூடம், பள்ளத்தில் விளையாட்டு மைதானம்.

கட்டடம் எழும்பிய பிறகு ஓர் ஐப்பசியில் மழை விடாமல் கொட்டியது. பள்ளம் நிரம்பி மைதானத்தின் மேல் பாய்ந்தது. கீழ்த்தெருக் குடும்பங்களெல்லாம் பள்ளிக்கூடத்தில் தங்கின. அண்டா வைத்து உப்புமா கிண்டிக்கொண்டிருந்தவர் சாட்சாத் முத்துசாமி அண்ணன். சரோஜாவைக் கண்டதும், "அம்மணி, உங்க தண்ணி வந்திருச்சுங்க!" என்றார். எல்லோரும் சிரித்தோம். சரோஜாவின் பார்வை மட்டும் வாசலில் இருந்தது. நடக்க முடியாத பெரியவர் ஒருவரை இரண்டு பேர் தூக்கிக்கொண்டு படியேறினார்கள். "சாய்தளம் வைக்காம உட்டுட்டமுங்க" என்று வருந்தினார். அடுத்த கோடைக்குள் அதையும் கட்ட வைத்துவிட்டார்.

நேற்று அவரை வழியனுப்பிவிட்டு அண்ணனும் நானும் அந்தப் பக்கமாகத் திரும்பினோம். மைதானத்தில் பிள்ளைகள் பந்தை உதைத்துக்கொண்டு ஒரே கூச்சல். அவர்களில் யாருக்கும் சரோஜாவைத் தெரியாது. "மழை வந்தா மேல ஓடோணும்னு தெரியுமுங்க, அது போதுமுங்க" என்றார் அண்ணன். எனக்கு அழுகையும் வந்தது, நிம்மதியும் வந்தது.

இன்று என் மேசையில் ஒரு புது வரைபடம் இருக்கிறது. சாலையின் அகலம் சரியாக இருந்தது. கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்தவன் மூடிவிட்டேன். அந்த இடத்தைப் பார்க்க நாளைக்கு ஜீப் சொல்லியிருக்கிறேன். போனதும் முதலில் மாட்டுக்கொட்டகை எங்கே என்று கேட்க வேண்டும்.