நானே அடைத்த வேலிப் பொட்டு

1997ஆம் ஆண்டு. யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்து, உறவினர் வீட்டு விறாந்தையில் இரண்டு மாரி கழித்திருந்தோம். வன்னியில், ஜெயபுரத்தில் ஒரு காணியும் சின்ன வீடும் விலைக்கு வருவதாக அறிந்து பார்க்கப் போனோம்.

கிணற்றுத் தண்ணீரை ஒரு வாய் குடித்ததுமே கணவருக்குப் பிடித்துவிட்டது. எனக்கோ வீட்டுக்கு முன்னால் போகும் அந்தக் குறுகிய ஒழுங்கையைக் காணவே பிடிக்கவில்லை. உருப்படியாக ஒரு வேலி இல்லை. வீட்டுக்கு வீடு நடுவேலியில் ஆள் நுழைகிற அளவுக்கு ஒரு பொட்டு, வேண்டுமென்றே விட்ட ஓட்டை.

"ஆடு திண்ட வேலி மாதிரிக் கிடக்கு. இதுக்குள்ளயோ குடியிருக்கிறது?" என்று அவருடைய காதுக்குள் புறுபுறுத்தேன். எங்கள் ஊரில் வேலியைப் பார்த்துத்தான் வீட்டுக்காரியை மதிப்பார்கள். ஊர் போனாலும் அந்தத் திமிர் என்னை விட்டுப் போகவில்லை.

ஊர்ச் சங்கத் தலைவர் இரண்டு நிபந்தனை சொன்னார். பொதுக்கிணறு இறைக்கும் நாளில் வீட்டுக்கு ஒருவர் வரவேண்டும். நடுவேலிப் பொட்டை அடைக்கக் கூடாது. "பிளேன் வந்தா ஆரும் எந்தப் பங்கருக்கும் ஓடவேணும், அதுக்குத்தான்" என்றார். நாங்கள் இருவரும் "ஓம், ஓம்" என்று தலையாட்டினோம். நமக்கென்று ஒரு பதுங்குகுழி வெட்டினால் ஏன் அடுத்த வளவுக்கு ஓடவேண்டும் என்று நான் மனதுக்குள் நினைத்துக்கொண்டேன்.

காணியை வாங்கிக் குடிவந்த மாதமே பதுங்குகுழி வெட்டினோம். அடுத்த வளவில் மலையகத்திலிருந்து வந்து குடியேறிய ஒரு பெண், இரண்டு சின்னப் பிள்ளைகளோடு இருந்தாள். அவளுடைய கோழிகள் பொட்டுக்குள்ளால் வந்து என் மிளகாய்க் கன்றுகளைக் கிளறி எறிந்தன. எனக்கு வந்ததே கோபம்! கணவர் இல்லாத ஒருநாள், ஓரமெல்லாம் வாள்போலக் கூரான பனங் கருக்குமட்டைகளை நெருக்கிக் கட்டிப் பொட்டை அடைத்துவிட்டேன்.

அவள் ஓடிவந்தாள். "அக்கா, கோழிய நான் அடைச்சி வச்சிடுறேன். இத மட்டும் அடைக்காதீங்க."

"எங்களுக்கு எங்கட பங்கர் இருக்கு" என்று திரும்பியும் பாராமல் சொன்னேன். கணவர் வந்து, சங்கத்துக்குக் கொடுத்த சொல் என்னாவது என்று ஏசினார். மழை விட்டதும் அவிழ்க்கிறேன் என்று சாட்டுச் சொன்னேன்.

மழை நான்கு நாள் விடாமல் ஊற்றியது. ஐந்தாம் நாள் காலை வெயில் எறிக்க, அவர் சாமான் வாங்கக் கூட்டுறவுச் சங்கக்கடைக்குப் போனார். கொஞ்ச நேரத்தில் குண்டு போடும் கிபிர் விமானத்தின் இரைச்சல். ஐந்து வயது மகளைத் தூக்கிக்கொண்டு பதுங்குகுழிக்கு ஓடினேன். ஐயோ, உள்ளே என் நெஞ்சளவுக்குத் தண்ணீர்! பக்கத்து வளவு மேட்டுக்காணி என்ற நினைவு வர, அங்கே ஓடினேன். ஓடிப்போய் நான் கட்டிய வேலியில் முட்டிக்கொண்டு நின்றேன்.

எங்கோ குண்டு விழுந்து நிலம் அதிர்ந்தது. நான் கத்தினேனோ என்னவோ, இன்றுவரை தெரியாது. திடீரென்று அந்தப் பக்கத்திலிருந்து இரண்டு கைகள் மட்டைகளைப் பிய்த்து இழுத்தன.

"அக்கா, புள்ளையக் குடுங்க! மொதல்ல புள்ளையக் குடுங்க!"

பிள்ளையைக் கொடுத்தேன். பிறகு நானும் நுழைந்தேன். அவளுடைய பதுங்குகுழிக்குள் அவளுடைய இரண்டு பிள்ளைகளும் தனியே காதைப் பொத்திக்கொண்டு அழுதபடி இருந்தார்கள். அவர்களை விட்டுவிட்டுத்தான் அவள் வெளியே வந்திருக்கிறாள். அடுத்த குண்டு மிகக் கிட்ட விழுந்தது.

வெளியே வந்து பார்த்தபோது எங்கள் பதுங்குகுழி இடிந்து, மேலே அடுக்கிய மரக்குற்றிகளெல்லாம் தண்ணீருக்குள் கிடந்தன. மகளை இழுத்து அணைத்துக்கொண்டு அந்த இடத்திலேயே குந்திவிட்டேன்.

அவளுடைய உள்ளங்கைகளைக் கருக்கு கிழித்து இரத்தம் வடிந்துகொண்டிருந்தது. என் சேலையைக் கிழித்துக் கட்டிவிட்டேன். அவளோ தான்தான் குற்றவாளி மாதிரிச் சொன்னாள்: "அன்னைக்கிலருந்து கோழியக் கூட்டுலதான் போட்டிருக்கேன்க்கா. இனிமே உங்க பக்கம் வராது."

இப்போதும் வீடு பார்க்கப் போகும் இடத்தில் அழகாக, இடைவெளியே இல்லாமல் அடைத்த வேலியைக் கண்டால், அதற்கு அந்தப் பக்கம் நின்று "புள்ளையக் குடுங்க" என்று கேட்ட குரல்தான் என் காதில் விழுகிறது.