பன்னிரண்டு சட்டைகளும் ஒரு கண்ணாடித் தகடும்

பல்கலைக்கழக ஆவணக் காப்பகத்தில் அவளை எல்லோரும் பூதக்கண்ணாடி என்றுதான் கூப்பிடுவார்கள். முகத்துக்கு நேராகவே கூப்பிடுவார்கள். அவளும் திரும்பிப் பார்ப்பாள். பத்தொன்பது வருடமாகத் தற்காலிக ஊழியர். இன்னும் பதினொரு மாதம் வேலை பார்க்கலாம் என்று வருடத்துக்கு ஒருமுறை ஒரு தாள் வரும். பன்னிரண்டாவது மாதம் காகிதத்தில் அவள் கிடையாது. ஆனால் மேசையில் இருப்பாள். வருடம் முழுக்க வேலை கொடுத்தால் நிரந்தரம் கேட்டுவிடுவாளாம். அந்தப் பயத்தில், நிறையப் படித்தவர்கள் கூடி உட்கார்ந்து கண்டுபிடித்த ஏற்பாடு அது.

வளாகத்தின் பழைய புகைப்படங்கள் கண்ணாடித் தகடுகளாக இரும்பு அலமாரிகளில் அடுக்கிக் கிடந்தன. அவற்றைத் தூசி துடைத்து, ஸ்கேன் செய்து, ஒவ்வொன்றுக்கும் ஓர் அட்டையில் விவரம் எழுதுவதுதான் அவள் வேலை. அதோடு நிற்கிறவளா அவள்? மணிக்கூண்டின் நிழலை அளந்து, படம் எடுத்தது காலையா மாலையா என்பாள். ஒரு திறப்பு விழாப் படத்தில், நாற்காலியில் கம்பீரமாக வீற்றிருந்த துணைவேந்தர் ஒரு காலில்தான் காலுறை போட்டிருக்கிறார் என்று லென்ஸை வைத்துக் காட்டினாள். காப்பகமே ஒரு வாரம் வயிறு வலிக்கச் சிரித்தது.

அவள் வீடு ஆற்றுப் பாலத்தின் அடியில், வளாகச் சுவருக்கும் தண்ணீருக்கும் நடுவே நெருக்கியடித்த ஒற்றைத் தெருவில் இருந்தது. மொத்தம் நாற்பத்தொரு வீடுகள். அண்ணன் போன பிறகு அவளும் அண்ணியும்தான். அண்ணி தையற்காரி; முன்னறையில் பாதியைத் தையல் இயந்திரம் அடைத்திருக்கும்.

அந்தத் தெருவின் ஒவ்வொரு கதவிலும் ஒருநாள் நோட்டீஸ் ஒட்டினார்கள். கார் நிறுத்த இடம் போதவில்லையாம், வீடுகளைக் காலி செய்ய வேண்டுமாம். வளாகத்துக்கு முன்பே இருந்த வீடுகளைத் தொடமாட்டோம் என்று நிலம் வாங்கும்போதே பல்கலைக்கழகம் எழுதிக் கொடுத்திருந்தது. அதனால் நோட்டீஸில் ஒரு வரி சாமர்த்தியமாகச் சேர்த்திருந்தார்கள்: வளாகம் வருவதற்குச் சற்று முன் பாலம் கட்டியபோது வீடுகள் எதிர்க்கரையில் மட்டுமே இருந்தன, இந்தத் தெரு பின்னால் வந்த ஆக்கிரமிப்பு. ஆதாரமாக ஒரு படம். பாதி எழும்பிய பாலம், கரையில் வரிசையாகப் பன்னிரண்டு தொழிலாளிகள், அவர்களுக்குப் பின்னால் ஓட்டு வீடுகள். கீழே அட்டை விவரம்: 'பாலப் பணி. எதிர்க்கரை.'

"எல்லாம் தலையெழுத்து" என்றார் பக்கத்து வீட்டுக்காரர்.

"தலையெழுத்து இல்லண்ணே. என் கையெழுத்து" என்றாள் அவள்.

உண்மைதான். அந்த அட்டையை அவள்தான் எழுதியிருந்தாள், வேலைக்குச் சேர்ந்த முதல் மாதத்தில். படத்தில் பாலத்துக்கு வலப்பக்கம் வீடுகள். தகட்டின் உறையில் எழுதியிருந்தபடி, படம் எடுத்தவர் நின்றது பாலத்தைத் தாண்டி ஆறு பாயும் பக்கம்; அங்கிருந்து பாலத்தைப் பார்த்தால் வலப்பக்கம் எதிர்க்கரை. சரியாகத்தானே எழுதியிருக்கிறோம்? இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை.

மூன்றாம் நாள் அண்ணி நோட்டீஸை எடுத்து மூக்குக்கு அருகே வைத்துப் பார்த்தாள்.

"என்னடி இது கூத்து! பன்னெண்டு ஆம்பளைங்களும் பொம்பளை சட்டை போட்டுட்டு நிக்கிறானுங்க!"

"சும்மா இரு அண்ணி. நானே நொந்து போயிருக்கேன்."

"ஏய், நான் என்ன கதையா சொல்றேன்? ஆம்பளை சட்டைன்னா இடப்பக்கத் துணி மேல வரணும். இங்க வலது மேல வருது. பையைப் பாரு, அதுவும் வலது நெஞ்சுல. ஒருத்தன் மாத்தித் தைச்சிருக்கலாம். பன்னெண்டு பேருமா ஒரே கோணல் புத்திக்காரன்கிட்ட தைச்சானுங்க?"

அவள் எழுந்த வேகத்தில் நூல்கண்டு உருண்டு ஓடியது.

கண்ணாடித் தகட்டில் மருந்து பூசிய பக்கம் மங்கலாக இருக்கும், மறுபக்கம் பளபளக்கும். பளபளப்பு நம்மைப் பார்த்திருந்தால்தான் இடப்பக்கம் இடப்பக்கமாகவே தெரியும். காப்பகத்தில் இதை முதல் நாளே சொல்லிக் கொடுக்க வேண்டும். அவளுக்குச் சொல்ல ஆள் இல்லை; அவளும் கேட்கவில்லை. தகட்டை எடுத்து வெளிச்சப் பெட்டியில் சரியாக வைத்தாள். சட்டைகள் ஆண் சட்டைகளாயின. ஓட்டு வீடுகள் அப்படியே நகர்ந்து இடப்பக்கம் வந்து நின்றன. அவள் தெரு.

அவளைவிட வயதில் சிறியவரான காப்பாளர், அவள் எழுதிய திருத்தக் குறிப்பைப் படித்துவிட்டுக் கதவைச் சாத்தினார்.

"அக்கா, 'தகட்டைப் பக்கம் மாற்றி வைத்தது நான்'னு எழுதியிருக்கீங்க. இந்த வரி எதுக்கு?"

"நான்தானே சார் வெச்சேன்."

"அடுத்த மாசம் உங்க தாள் வரணும். மேல இருக்கிறவங்க சும்மா விடுவாங்களா? இயந்திரக் கோளாறுன்னு எழுதிடலாம்."

"இயந்திரக் கோளாறுன்னா எல்லாப் படத்தையும் சந்தேகப்படணும். அவங்களுக்குக் கொண்டாட்டம். எந்தத் தப்பு, யார் பண்ணினது, எப்படின்னு சொன்னாத்தான் திருத்தத்தை நம்புவாங்க."

அவர் பேனாவை நீட்டினார். அவள் அந்த வரிக்குக் கீழேயே கையெழுத்துப் போட்டாள்.

நோட்டீஸை எதிர்த்துத் தெருக்காரர்கள் கொடுத்த மனுவை நில அதிகாரி விசாரித்த அறையில் பல்கலைக்கழக வழக்கறிஞர் துள்ளினார். "இந்த அம்மா அதே தெருவுலதான் இருக்காங்க. படத்தைத் தன் வசதிக்குத் திருப்பிப் போடுறாங்க."

"என்னை நம்பவே வேணாம், ஐயா" என்றாள் அவள், அதிகாரியைப் பார்த்து. "உங்க சட்டையைப் பாருங்க. அப்புறம் படத்துல இருக்கிற சட்டையைப் பாருங்க."

அதிகாரி குனிந்து தம் பொத்தான்களைப் பார்த்தார். எழுத்தர் பார்த்தார். வாசலில் நின்ற காவலர் பார்த்தார். வழக்கறிஞரும், கோட்டை லேசாக விலக்கி, பார்த்தார். பின்வரிசையிலிருந்து அண்ணியின் குரல் வந்தது: "உங்களுது ரெண்டாவது பொத்தான் தொங்குது வக்கீல் சார். கழட்டிக் குடுங்க, தைச்சுத் தர்றேன்."

அறை சிரித்து அடங்கியபின் அதிகாரி தகட்டைத் தாமே இருபுறமும் திருப்பிப் பார்த்தார். நோட்டீஸ் ரத்து என்று பத்து நாளில் உத்தரவு வந்தது.

பதினொரு மாதத் தாள் வரவில்லை. மாதம் பிறந்ததும் அவள் வழக்கம்போல் காப்பகத்துக்குப் போனாள். காப்பாளர் எதுவும் கேட்காமல் அலமாரிச் சாவியை மேசையில் வைத்தார். நிரந்தரம் கேட்டு அவள் எழுதிய மனுவையும் எதுவும் கேட்காமல் வாங்கிக்கொண்டார்.

அவள் பழைய அட்டையை எடுத்தாள். 'எதிர்க்கரை'யை அடித்தாயிற்று. அதற்குக் கீழே, படத்தில் உள்ளவர்கள் என்ற இடத்தில், அதே கையெழுத்தில் 'கூலிகள்' என்று இருந்தது. துணைவேந்தரின் காலுறையைக்கூட விடாத கண்ணுக்கு, பத்தொன்பது வருடமாக இது தெரியவில்லையே! அதையும் அடித்தாள். லென்ஸைக் கண்ணில் பொருத்திக்கொண்டு எழுதத் தொடங்கினாள்:

'பன்னிரண்டு பேர். இடமிருந்து மூன்றாமவர், தம் அப்பாவின் அப்பா என்கிறார் எங்கள் தெருவின் கடைசி வீட்டுக்காரர். காது ஒத்துப்போகிறது. மற்ற பதினொருவர் பற்றி விசாரிக்க வேண்டும்.'