மூணாவது படிக்குக் கீழ

பேய் பிசாசுன்னு எவனாவது பேச்சு எடுத்தா எழுந்து போய்கினே இருப்பேன் நைனா. மனுசன் பண்ற அக்கிரமத்த பாக்கவே நேரம் பத்தல, இதுல செத்தவன பாத்து யாரு பயந்துகினு இருப்பா. நீ நம்புவியோ மாட்டியோ, எனக்கு நடந்தது பட்டப்பகல்ல, மூணு மணி இருக்கும், சுனாமிக்கு ரெண்டு வருசம் முன்னால, நல்ல மழ காலம்.

மொதல்ல என் வூட்டுக்காரு சூசைய பத்தி சொல்லணும். எண்ணூர்ல ஒரு பேக்டரி, பேரு வாணாம், அதுலேர்ந்து முகத்துவாரத்துக்கு ஒரு கால்வா போவுது. கடசில மூணு படி மாதிரி சிமெண்ட்டுல கட்டி தண்ணிய எறக்கி வுட்டிருப்பானுங்க, ஒவ்வொரு படியும் ஒரு ஆளு ஒசரம். அந்த கால்வாயில பாசி, கிளிஞ்சல் சொரண்டுற கான்ட்ராக்டு வேலைக்கு போய்கினு இருந்தாரு. ஒரு நாள் போனவரு வரல. கான்ட்ராக்டரு இன்னா சொன்னான் தெரியுமா? "உன் புருசன் அன்னிக்கு வேலைக்கே வரலம்மா, எவளையோ இட்டுகினு பம்பாய்க்கு ஓடிட்டான்"னான். தெருவே அத்த நம்பிச்சு. நானும் நம்பிட்டேன் நைனா, அதான் எனக்கு இன்னிக்கும் வயிறு எரியுது. நாலு வருசம், அடுப்பு மூட்டும்போதெல்லாம் அந்த ஆள சபிச்சேன்.

பொழப்புக்கு எறா புடிக்க போவேன். எறா கெடைக்கிறது கால்வாய்க்கு அந்தாண்ட. குறுக்க ஒரு பாலம் இருந்துச்சு, பேக்டரிக்காரன் கேட்டு போட்டு பூட்டிட்டான், சுத்திகினு போனா ஒரு மணி நேரம் நடக்கணும். ஹார்பர்ல மூட்ட தூக்குற என் தம்பி அந்தோணிதான் காயலாங்கடையிலேர்ந்து ஒரு செவப்பு பிளாஸ்டிக் போட்டு, படகுதான், வாங்கியாந்தான். ரெண்டு ஆளு நீட்டு, நடுவுல ஒரே ஒரு ஓட்ட, அதுக்குள்ள குந்தி கால நீட்டிக்கணும், துடுப்புக்கு ரெண்டு முனையிலயும் தட்டையா பலக.

"அக்கா, வெள்ளக்காரன் இதுலதான் அருவியில குதிப்பானாம், கயாக்குன்னு பேரு"ன்னான்.

"எனக்கு அக்கரைக்கு போனா போதும்டா"ன்னேன்.

அன்னிக்கு மழ கொஞ்சம் வுட்டுச்சுன்னு எறங்குனேன். பாதி கால்வா தாண்டிகினு கீறேன், மேல தேக்கி வெச்சிருந்த தண்ணிய தொறந்து வுட்டுட்டானுங்க. ஒரு சங்கு ஊதல, ஒரு கொரலு குடுக்கல, பாவிங்க. தண்ணி சொவரு மாதிரி வந்துச்சு, போட்டு திரும்பிகிச்சு, நேரா படிய பாத்து இழுக்குது. கத்தறேன், என் சத்தம் எனக்கே கேக்கல.

அந்த இரைச்சல்ல, முதுகுக்கு பின்னால, ரொம்ப சாவகாசமா ஒரு கொரலு.

"ம்மே, பின்னால சாயாத. முன்னால குனி."

அந்த ம்மேவ அப்டி இழுத்து சொல்றது சூசை ஒருத்தருதான்.

குனிஞ்சேன். மூக்கு குத்திகினு மொத படியில வுழுந்துச்சு, வாயெல்லாம் சேத்துத் தண்ணி, மேல வந்தா படிக்கு அடியில தண்ணி சுத்திகினு போட்ட திரும்ப பின்னால இழுக்குது. "எடது பக்கம் துடுப்ப குத்து. இன்னும். இன்னும்." குத்துனேன், சுழிய வுட்டு வெளிய வந்தேன், ஒடனே ரெண்டாவது படி. பயம் இல்ல நைனா, கோவம். "எங்கய்யா போன நாலு வருசமா?"ன்னு கத்தறேன், உயிரு போற நேரத்துல புருசன்கிட்ட சண்ட போட்டுகினு கீறேன் பாரு. கத்திகினே ரெண்டாவது படியும் வுழுந்து எழுந்தேன். மூணாவது படி வந்ததும், "நடுவுல போவாத, அடியில கம்பி கீது, வலது ஓரமா போ."

வலது ஓரமா வுழுந்தேன். போட்டு கவுந்துச்சு, எப்டியோ ஓட்டையிலேர்ந்து கால உருவிகினு கோரையில ஒதுங்குனேன். திரும்பி பாத்தா ஒரு ஈ காக்கா இல்ல. அங்கியே குந்திகினு ஒப்பாரி வெச்சேன். உயிரோட கீறவன் எப்டி நைனா என் முதுகுக்கு பின்னால வருவான்? அந்த ஆளு எங்கியும் ஓடல. செத்தவரத்தான் நான் நாலு வருசமா சபிச்சிகினு இருந்திருக்கேன்.

ஈரத்துணியோட நேரா கான்ட்ராக்டரு ஆபீசுக்கு போனேன். "மூணாவது படிக்கு அடியில கம்பி கீதா இல்லியாய்யா?"ன்னேன். அவன் மூஞ்சி வெளுத்துப் போச்சு. "உனக்கு யாரு சொன்னா?"ன்னான். இல்லன்னு சொல்லல பாரு, யாரு சொன்னான்னு கேட்டான்! வாட்ச்மேன வெச்சு என்ன வெளிய தள்ளுனான். போலீஸ் ஸ்டேசன்ல புகார எழுதிக்கவே இல்ல, தண்ணியில கவுந்ததுல தல கலங்கிச்சுன்னு அனுப்பிட்டானுங்க.

பத்து நாள் கழிச்சு தண்ணி எறங்குனதும் அந்தோணிய இட்டுகினு போய் பாத்தேன். படிக்கு கீழ நட்ட நடுவுல, சிமெண்ட்டுக்குள்ளேர்ந்து வந்த ஒரு தடி கம்பிய தரையோட தரையா அறுத்து வெச்சிருந்தானுங்க. அறுத்த எடம் துரு ஏறாம பளபளன்னு இருந்துச்சு, அவரு உயிர எடுத்த கம்பிய நான் போய் கேட்டப்பறம்தான் அறுத்திருக்கானுங்க.

எல்லாம் காத்து சத்தம்னு நீயும் சொல்லுவ. சொல்லிக்க. ஆனா ஒண்ணு, அந்தோணிகிட்ட கூட ரொம்ப நாளா சொல்லல. கோரையில ஒதுங்கி மூச்சு வாங்கிகினு கீறப்ப, கடசியா ஒரு தடவ காதுகிட்ட கேட்டுச்சு.

"நாங்க ரெண்டு பேரு கீறோம் ம்மே."

மொதல்ல என்னையும் சேத்துதான் சொல்றாருன்னு நெனச்சேன். வூட்டுக்கு வந்து தல தொவட்டும்போதுதான் ஒறச்சுது. நாமன்னு சொல்லல நைனா. நாங்கன்னு சொன்னாரு. அந்த கான்ட்ராக்டுல வேல பாத்தவங்க வூட்டுக்கெல்லாம் போய் கேட்டுட்டேன், கூட காணாம போனது யாருன்னு. எந்தெந்த ஊர்லேர்ந்தோ வந்து போறவங்க, பேரு கூட ஒருத்தருக்கும் தெரியல. எங்கியோ ஒரு ஊர்ல ஒருத்தி, புருசன் ஓடிட்டான்னு இன்னிக்கும் திட்டிகினு இருப்பா.